சிப்புக்குள் ஒரு குறுக்குவழி

எஸ்டோனியாவில் குடும்ப மருத்துவர் காலையில் வந்து உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, தம் அடையாள அட்டையை எடுத்துக் கணினியோடு இணைந்த ஒரு சின்னக் கருவியில் செருகுவது. முதல் பின் நம்பரை அடித்தால், வந்திருப்பது இன்னார்தான் என்று அரசின் கணினிகளுக்குத் தெரிந்துவிடும். நோயாளியைப் பார்த்து, மருந்தின் பெயரையும் அளவையும் பதிந்த பிறகு இரண்டாவது பின் நம்பர். அது கையொப்பம். பேனாவால் போடுகிற கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்போ அதே மதிப்பு இதற்கும் உண்டு. நோயாளி எந்த ஊர் மருந்துக்கடைக்கும் போய் அட்டையை நீட்டலாம். அதற்குள் மருந்துச்சீட்டு அங்கே போய்க் காத்திருக்கும். 2010-இல் தொடங்கிய ஏற்பாடு இது. காகிதச் சீட்டு இன்று அங்கே அபூர்வம்.

அட்டையில் பதித்திருக்கும் சிப் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். ஏறத்தாழ 13 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் வரிக் கணக்கு, வங்கி, நிறுவனப் பதிவு, பள்ளி, நீதிமன்றம், 2005 முதல் தேர்தல் வாக்கும்கூட அந்த நகத்தளவுப் பரப்பின் மேல் நிற்கின்றன. சாலை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் போல எல்லோருக்கும் பொதுவாக அடியில் கிடந்து, மேலே நடக்கும் எல்லாவற்றையும் தாங்குகிற இத்தகைய ஏற்பாட்டைத்தான் இப்போது டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பு என்கிறோம்.

2017 ஆகஸ்ட் 30 அன்று அந்த நாட்டின் அரசுத் தகவல் அமைப்பு ஆணையத்துக்கு ஒரு செய்தி வந்தது. அந்த ஆணையத்தின் எஸ்டோனியப் பெயரைச் சுருக்கி 'ரியா' என்பார்கள். செய்தியை அனுப்பியவர்கள் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள். செக் நாட்டின் பர்னோ நகரில் உள்ள மசாரிக் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒரு குறையைக் கண்டுபிடித்திருந்தது. ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் தயாரித்த சிப்புகள் உருவாக்கும் ரகசியச் சாவிகளை வெளியிலிருந்தே கணக்கிட்டுவிட முடியும் என்பதே அது. எஸ்டோனியா 2014 அக்டோபர் முதல் வழங்கிவந்த ஏறத்தாழ 7.5 லட்சம் அட்டைகளில் இருந்தது அந்த வகை சிப்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன், குறை என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் அந்த நாட்டு அதிகாரிகள் எதை எதிர்கொண்டார்கள் என்பதும் புரியும்.

அட்டையில் இருந்தது ஆர்.எஸ்.ஏ. என்ற முறை. இரண்டு பெரிய பகா எண்களை எடுத்துப் பெருக்கினால் வரும் விடையை உலகுக்கு அறிவித்துவிடலாம். அது பொதுச் சாவி. எந்த இரண்டைப் பெருக்கினோம் என்பது மட்டும் அட்டைக்குள் ரகசியமாக இருக்கும். பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணைத் திரும்பப் பிரித்து அந்த இரண்டைக் கண்டுபிடிப்பது மலையைக் குடைவது மாதிரி. எஸ்டோனிய அட்டையில் ஒவ்வொரு பகா எண்ணும் 300 இலக்கங்களுக்கு மேல் நீளும். நேர்மையாகத் தேர்ந்தெடுத்திருந்தால், இன்றைய கணினிகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் பிரிக்க முடியாது.

அந்த நேர்மை எளிதாக வருவதில்லை. அவ்வளவு பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஏதோ ஒரு எண்ணை எடுப்பது, பகா எண்ணா என்று சோதிப்பது, இல்லையென்றால் அடுத்ததை எடுப்பது. அந்த அளவிலான ஒற்றைப்படை எண்களில் சுமார் 355-க்கு ஒன்றுதான் பகா எண். கைப்பேசிக்கு இது நொடிப் பொழுது வேலை. அட்டையில் இருக்கும் சின்னஞ்சிறு சிப்புக்கோ பெரும்பாடு. அதனால் மென்பொருளை எழுதியவர்கள் ஒரு குறுக்குவழி வைத்தார்கள்.

சிறிய எண்களில் அதைப் பார்க்கலாம். 2, 3, 5, 7 நான்கையும் பெருக்கினால் 210. இப்போது 210-இன் மடங்கு எதனோடும் 11-ஐக் கூட்டுங்கள்: 221, 431, 641, 851. இவற்றில் எதுவும் 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடாது. சோதிப்பதற்கு முன்பே பாதி வடிகட்டியாயிற்று. 431, 641 இரண்டும் உண்மையிலேயே பகா எண்கள். சிப் செய்ததும் இதையேதான், மிகப் பெரிய அளவில். முதல் 126 பகா எண்களைப் பெருக்கி வைத்துக்கொண்டு, அதன் மடங்கோடு ஓர் எண்ணைக் கூட்டியது. அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தது என்பதில்தான் வினை இருந்தது. 65537 என்ற ஒரே எண்ணின் அடுக்குகளிலிருந்து மட்டும் எடுத்தது.

கடலில் எங்கு வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்றிருந்த ரகசியம் இப்படி ஒரு குளத்துக்குள் அடைபட்டது. போதாததற்கு, இப்படிப் பிறந்த இரண்டு எண்களைப் பெருக்கி வரும் பொதுச் சாவியிலும் அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டே வரும். மச்சத்தைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்வது போல, ஒரு பொதுச் சாவியைப் பார்த்த மாத்திரத்தில் அது இந்த சிப்பில் பிறந்ததா என்று கணினி சொல்லிவிடும். பிறகு 1996-இல் டான் காப்பர்ஸ்மித் என்ற கணிதவியலர் கண்டுபிடித்த முறையைக் கொண்டு அதை உடைக்கலாம். எஸ்டோனிய அட்டையின் அளவுள்ள ஒரு சாவியை உடைக்க, வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில் மிஞ்சிப்போனால் 20,000 முதல் 40,000 டாலர் வரை செலவாகும் என்று அந்தக் குழு கணக்கிட்டது.

7.5 லட்சம் அட்டைகளையும் உடைக்க வேண்டுமென்றால் 1,500 கோடி டாலருக்கு மேல் வேண்டும், யாரும் செய்யப்போவதில்லை. ஆனால் ஓர் அமைச்சரின் அட்டை? ஒரு நீதிபதியின் அட்டை? பல கோடி சொத்துக்கு உரியவரின் அட்டை? அதற்கு 40,000 டாலர் மலிவு.

இந்த சிப்புகள் சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பெற்றவை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எஸ்டோனியா வாங்கும்போது கேட்க வேண்டிய தாள்களையெல்லாம் கேட்டுத்தான் வாங்கியது. தயாரிப்பாளருக்குக் குறையைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே தெரிவித்திருந்தார்கள். அட்டையை நம்பி நாட்டையே நடத்திக்கொண்டிருந்த அரசுக்குச் செய்தி வந்து சேர்ந்ததோ ஆகஸ்ட் இறுதியில், அதுவும் ஆராய்ச்சியாளர்கள் வழியாக.

ரியா அலுவலகத்தில் அடுத்த சில நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. வந்திருப்பது கணிதம் நிறைந்த ஓர் எச்சரிக்கை. முழு ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளியாகவில்லை. அக்டோபர் 15 அன்று உள்ளாட்சித் தேர்தல். இணைய வழி வாக்குப்பதிவு அதற்கும் பத்து நாள் முன்பே தொடங்கிவிடும். இப்போது யாராவது முடிவெடுக்க வேண்டும். எச்சரிக்கை உண்மையா? உண்மையென்றால் எவ்வளவு அவசரம்? அட்டைகளை இன்றே முடக்கினால் நாளைக்கு மருந்துச்சீட்டு எழுதுவது யார்? முடக்காமல் விட்டு, ஓர் அட்டை உடைபட்டால் பிறகு மக்கள் எதை நம்புவார்கள்? எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே, அல்லது தொலைபேசியில் கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும்.

இருந்தார்கள். ரியாவில் மின்னணு அடையாளத்துக்கென்றே ஒரு குழு இருந்தது. தலைநகர் தாலினிலும் தார்த்து நகரிலும் மறையாக்கக் கணிதத்தில் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். எந்த மறையாக்க முறை இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று 2011 முதலே ஆணையம் அவர்களைக்கொண்டு அறிக்கை எழுதி வாங்கிவந்தது. ஆகவே ஆணையத்தின் தலைவர் தைமார் பீட்டர்கோப் யாரைக் கூப்பிடுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 5 அன்று பிரதமர் யூரி ராத்தாஸ் ஊடகங்களுக்கு முன்னால் அமர்ந்து, அட்டைகளில் கோட்பாட்டளவில் ஒரு குறை இருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னார். செய்தி வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அந்த சிப் எஸ்டோனியாவில் மட்டும் இருக்கவில்லை. ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும் அடையாள அட்டைகளுக்குள் இருந்தது. எஸ்டோனியாவைப் போல அவ்வளவு விரைவாக, அவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் பேசவில்லை.

அதோடு ஒரு சின்னக் காரியத்தையும் செய்தார்கள். எல்லாக் குடிமக்களின் பொதுச் சாவிகளும் இருந்த பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மூடினார்கள். பொதுச் சாவி என்ற பெயரே அதை எல்லோரும் பார்க்கலாம் என்பதால்தான் வந்தது. அதை மறைப்பது சாதாரண நாட்களில் பொருளற்ற வேலை. ஆனால் இந்தக் குறையை வைத்துத் தாக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பொதுச் சாவிதான். பட்டியலை மூடினால் குறை போய்விடாது, கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தாக்குதல் எந்தக் கணக்கில் நடக்கிறது என்று உள்வாங்கிக்கொண்ட ஒருவருக்கே இந்த யோசனை வரும். ஒப்பந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலும் இது எழுதியிருக்காது.

இணைய வழித் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இணையத்தில் வாக்களித்தார்கள்.

இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? என்னைப் பொறுத்தவரை இந்த அத்தியாயத்தின் கேள்வியே அதுதான். 2017 ஆகஸ்டில் விளம்பரம் கொடுத்து எடுத்தவர்கள் அல்ல அவர்கள். கிணறு வெட்டியது பல பத்தாண்டுகளுக்கு முன்.

சோவியத் காலத்தில், 1960-இல், தாலினில் ஒரு சைபர்நெட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. கணிதவியலர்களும் கணினி அறிஞர்களும் அங்கே சேர்ந்தார்கள். 1991-இல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றபோது கஜானாவில் பணமில்லை, அறிவு இருந்தது. 1996-இல் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லாப் பள்ளிகளுக்கும் கணினியும் இணையமும் கொண்டுபோவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்பது திட்டம். அன்று அமெரிக்காவில் எஸ்டோனியத் தூதராக இருந்த தோமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். பின்னாளில் அவரே குடியரசுத் தலைவரானார். பெரியவர்களை விட்டுவிடவில்லை. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டம் 2000-களின் தொடக்கத்தில் 1 லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களுக்கு அடிப்படைக் கணினிப் பயிற்சி கொடுத்தது. அந்த நாட்டின் வயதுவந்தோரில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

1997-இல் அந்தப் பழைய நிறுவனத்தின் செயல்முறை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து சைபர்நெட்டிகா என்ற நிறுவனம் பிரிந்து வந்தது. அங்கே பணியாற்றிய அர்னே ஆன்ஸ்பர் போன்றவர்களுக்கு முன்னால் அரசு ஒரு சிக்கலை வைத்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத் தரவுத்தளம் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பெரிய தரவுத்தளமாக்கப் பணமில்லை. அப்படி ஒன்றைக் கட்டினாலும் ஒரே ஒரு திருட்டில் நாடே பறிபோகும். ஆகவே தரவுகள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும், வீடுகளுக்கு நடுவே பாதுகாப்பான தெருவை மட்டும் போடலாம் என்று முடிவாயிற்று. 2001 டிசம்பர் 17 அன்று அந்தத் தெரு திறந்தது. எஸ்டோனிய மொழியில் 'எக்ஸ்-தே'; 'தே' என்றால் சாலை. வெளியுலகம் எக்ஸ்-ரோடு என்று அறிந்தது அதைத்தான்.

அதன் அமைப்பு எளிமையும் கறாரும் கலந்தது. இணைய விரும்பும் ஒவ்வொரு அலுவலகமும் தன் வாசலில் ஒரு பாதுகாப்பு சர்வரை வைக்க வேண்டும். மக்கள்தொகைப் பதிவேட்டிடம் காவல்துறை ஒருவருடைய முகவரியைக் கேட்கிறது என்றால், கேள்வி காவல்துறை சர்வரில் முத்திரையிடப்பட்டு, மறையாக்கம் செய்யப்பட்டு, நேராகப் பதிவேட்டின் சர்வருக்குப் போகும். விடையும் அப்படியே திரும்பும். நடுவில் எல்லாவற்றையும் படிக்கும் மையம் ஏதும் கிடையாது. யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்பது இரு பக்கமும் பதிவாகும். பின்னாளில் யாரும் அந்தப் பதிவைத் திருத்திவிட முடியாதபடி ஒன்றோடு ஒன்று கோத்து வைத்தார்கள். பதிவுகளை இப்படிக் கோக்கிற கணிதத்தில் அஹ்தோ புல்தாஸும் அவருடைய சகாக்களும் 1998-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். இன்று எஸ்டோனியக் குடிமகன் தன் விவரத்தை எந்த அலுவலகம் பார்த்தது என்று இணையத்தில் தானே பார்த்துக்கொள்ளலாம். காரணமில்லாமல் பார்த்த அதிகாரியிடம் விளக்கம் கேட்கலாம்.

இந்தத் தெருவைப் போட்ட கதையில் பொறியாளர்களுக்கு இணையாக நான் மதிப்பது அரசுப் பக்கத்தில் இருந்தவர்களை. அரசுத் தகவல் அமைப்புகளுக்கான பிரிவை நடத்திய ஊனோ வால்னர் போன்றவர்கள், வந்து நிற்கும் நிறுவனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று புரிந்துகொள்ளக் கூடியவர்களாக இருந்தார்கள். விதிமுறைகளும் வடிவமைப்பும் அரசின் கையில் இருந்தன. ஒரு விவரத்தை அரசின் ஓர் அலுவலகம் ஏற்கெனவே வாங்கிவிட்டால், இன்னோர் அலுவலகம் அதே விவரத்துக்கென்று தனித் தரவுத்தளம் தொடங்கக் கூடாது என்று சட்டமே வந்தது. சட்டம் எழுதியவருக்குத் தரவுத்தளம் எப்படி இயங்குகிறது என்றும், தரவுத்தளம் கட்டியவருக்குச் சட்டம் எதைக் கேட்கிறது என்றும் தெரிந்திருந்ததால்தான் அந்த ஒற்றை வரி தாளோடு நின்றுவிடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தைத் திறந்தது. அதிபர் ஒபாமாவின் ஆட்சி முழுவதற்கும் அடையாளமாக நின்ற திட்டம். பணத்துக்கும் குறைவில்லை, உலகின் தலைசிறந்த கணினி வல்லுநர்களுக்கும் அந்த நாட்டில் குறைவில்லை. முதல் நாள் முழுவதும் அந்தத் தளத்தில் காப்பீட்டைப் பதிந்து முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். வேலையை ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து நடத்தும் பொறுப்பை அரசு முகமை தானே வைத்துக்கொண்டது. அந்தப் பொறுப்புக்கு வேண்டிய ஆட்கள் அதனிடம் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதி சரியாக இருக்கிறது என்று சொன்னால், மொத்தமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அரசுப் பக்கத்தில் இருந்தாக வேண்டுமல்லவா? வெளியிலிருந்து பொறியாளர்கள் வந்து இரவு பகலாக உட்கார்ந்து தளத்தை மீட்டார்கள். மீட்டவர்களில் ஒருவரான மைக்கி டிக்கர்சன், அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகை தொடங்கிய டிஜிட்டல் சேவைப் பிரிவுக்கு முதல் தலைவரானார். ஏற்கெனவே 2011-இல் பிரிட்டன் இதே பாடத்தைப் படித்து, அரசுக்குள்ளேயே பொறியாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் கொண்ட ஒரு டிஜிட்டல் சேவைத் துறையை அமைத்திருந்தது.

அரசு அதிகாரி நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு கட்டுகிறவருக்குக் கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பி எத்தனை அடிக்கு ஒன்று வருகிறது, சிமெண்ட் கலவை என்ன விகிதம் என்று கேட்கத் தெரிந்தவர் வீட்டுக்கும், மேஸ்திரி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர் வீட்டுக்கும் முதல் மழையில் வித்தியாசம் தெரிந்துவிடும். டிஜிட்டல் கட்டமைப்பில் அந்தக் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ரகசியச் சாவி அட்டைக்குள்ளேயே பிறக்கிறதா, வெளியே பிறந்து உள்ளே வைக்கப்படுகிறதா? ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் போனால் மென்பொருளின் மூலநிரல் யாரிடம் இருக்கும்? மின்சாரமோ இணையமோ இல்லாத நாளில் ரேஷன் கடை என்ன செய்யும்? விரல்ரேகை தேய்ந்துபோன முதியவர் எந்தக் கதவைத் தட்டுவார்? கடைசிக் கேள்வியை ஒரு கணினி நிறுவனம் தானாகக் கேட்காது. மக்களை நேரில் பார்க்கிற தாலுகா அலுவலக ஊழியருக்கு அது தெரியும். அவருடைய அறிவு வடிவமைப்பு மேசை வரை போய்ச் சேர வழி இருக்கிறதா என்பது, சிப்பின் தரத்துக்குச் சற்றும் குறையாத விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023-இல் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்தபோது டிஜிட்டல் பொதுக் கட்டமைப்பு என்ற சொல் உலகத் தலைவர்களின் பிரகடனத்திலேயே இடம்பிடித்தது. ஆதாரும் யூ.பி.ஐ.யும் பெற்ற வீச்சு அதற்குப் பின்னணி. பெங்களூரில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018-இல் தொடங்கிய 'மோசிப்' என்ற திட்டம், தேசிய அடையாள அமைப்பைக் கட்டுவதற்கான மென்பொருளை மூலநிரலோடு இலவசமாகக் கொடுக்கிறது. பிலிப்பைன்ஸ், மொராக்கோ போன்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. இந்திய நிதியுதவியோடு இலங்கை கட்டிவரும் டிஜிட்டல் அடையாளத் திட்டமும் அதன் மேல்தான் எழுகிறது. மூலநிரல் இலவசமாகக் கிடைப்பது பெரிய விடுதலை. எந்தக் கம்பெனியிடமும் காலத்துக்கும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. ஆனால் படித்துப் பார்க்க ஆளில்லாத அலுவலகத்துக்குத் திறந்த நிரலும் பூட்டிய நிரலும் ஒன்றுதான்.

எஸ்டோனியர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம், 2002-லேயே தாலினில் அவர்கள் தொடங்கிய மின்னாளுகைக் கழகம். மென்பொருள் விற்பது அதன் வேலையல்ல. வேறு நாட்டு அதிகாரிகளை உட்காரவைத்து, சட்டத்தை எப்படி எழுதுவது, துறைகளுக்கிடையே சண்டையை எப்படித் தீர்ப்பது, பதிவேடுகளை எந்த வரிசையில் இணைப்பது என்று பேசுவது. உக்ரைன் தன் அரசுப் பதிவேடுகளை இணைக்க எக்ஸ்-ரோடு வழியில் 'திரெம்பிதா' என்ற அமைப்பைக் கட்டியபோது அந்தக் கழகம் கூட நின்றது. 2022 பிப்ரவரியில், ரஷ்யப் படை நுழைவதற்குச் சில நாட்கள் முன்னால், அரசுத் தரவுகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிக்கும் சட்டத்தை உக்ரைன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குண்டு விழும் ஊரில் எந்தப் பதிவேட்டை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் அப்போது அலுவலகங்களில் இருந்தார்கள்.

நம்மூரைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. ஒரு துறையின் கணினித் திட்டத்தை ஆசையோடு தொடங்குகிற அதிகாரி, அது பாதி வளர்வதற்குள் மாற்றலாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து கற்கிறார். அவர் கற்று முடிக்கும்போது அவருக்கும் மாற்றல் உத்தரவு வருகிறது. தொடர்ச்சியாக அங்கேயே இருப்பது ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்தான். ஐந்து ஆண்டு கழித்து, எந்தப் புலம் ஏன் இருக்கிறது, எந்தப் பட்டனை அமுக்கினால் எது நிற்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அரசின் நினைவு அரசுக்கு வெளியே போய்விடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, பணியமைப்பு அப்படி. டிஜிட்டல் கட்டமைப்பைக் கவனிக்கிற பணிக்கென்று தனித் தொழில்நுட்பப் பிரிவும், அதற்குள்ளேயே பதவி உயர்வும், சந்தையோடு ஒப்பிட்டால் வெட்கப்பட வேண்டாத சம்பளமும் இல்லாமல் இது மாறாது.

எஸ்டோனியாவுக்குத் திரும்புவோம். தேர்தல் முடிந்த மறுநாள், அக்டோபர் 16, குறையின் விவரங்கள் உலகுக்கு வெளியாயின. சில வாரங்களில் முழு ஆய்வுக் கட்டுரையும் வந்தது. இனி யார் வேண்டுமானாலும் முயலலாம். இதற்கிடையில் ரியா தன்னோடு பணிபுரியும் நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, அதே சிப்பில் வேறொரு கணித முறையை இயக்கும் வழியைத் தயார்செய்திருந்தது. நீள்வட்ட வளைகோட்டு மறையாக்கம் என்பார்கள். அதற்குப் பெரிய பகா எண் வேட்டையே தேவையில்லை. ஆகவே குறுக்குவழியும் தேவையில்லை. அட்டையை மாற்றாமல், வீட்டிலிருந்தபடியே கணினியில் செருகிப் புதுப்பித்துக்கொள்ளலாம். 7.5 லட்சம் புது அட்டைகள் அச்சடித்துக் கொடுக்கும் வரை நாடு காத்திருக்க வேண்டிய நிலை தவிர்ந்தது.

நவம்பர் 3 நள்ளிரவில் குறையுள்ள அட்டைகளின் சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டன. சுமுகமாகப் போகவில்லை. சர்வர்கள் திணறின. புதுப்பிக்க முடியாதவர்கள் காவல்துறையின் சேவை அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். முதல் சில நாட்கள் மருத்துவர்கள் போன்ற அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் வழிவிடும்படி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2018 மார்ச் 31 வரை புதுப்பிக்க அவகாசம் இருந்தது. அட்டையை மின்னணு முறையில் பயன்படுத்திவந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதற்குள் புதுப்பித்துவிட்டார்கள். எந்த அட்டையும் உடைபட்டதாகத் தகவல் இல்லை. தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைக்கொண்டு, எங்கே தடுமாறினோம் என்று ஓர் ஆய்வும் எழுதவைத்து ரியா வெளியிட்டது.

கதை அங்கே முடியவில்லை. தார்த்து பல்கலைக்கழகத்தில் அர்னிஸ் பார்ஷோவ்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பல ஆண்டுகளின் எஸ்டோனியச் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ள பொதுச் சாவிகளைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார். வேறு வேறு மனிதர்களுடைய அட்டைகளில் ஒரே சாவி. சிப்புக்குள் பிறந்த சாவிகள் அப்படி ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. அட்டையைத் தயாரித்த நிறுவனம், ஒப்பந்தத்துக்கு மாறாக, சில சாவிகளை வெளியே உருவாக்கி உள்ளே ஏற்றியிருந்தது இப்படித்தான் தெரியவந்தது. 2018-இல் காவல்துறையும் எல்லைக் காவல் வாரியமும் சேர்ந்த அமைப்பு 15.2 கோடி யூரோ கேட்டு அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல், வேறொரு நிறுவனம் தயாரித்த புது அட்டை மக்கள் கைக்கு வரத் தொடங்கியது. பார்ஷோவ்ஸ் அந்த அட்டையையும் தார்த்துவில் எடுத்துவைத்துக்கொண்டு ஆராய ஆரம்பித்தார்.